மியான்மரின் இருக்கை யாருக்கு?

2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி பெருவெற்றி பெற்றது. புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அம்மாதம் 26ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் மியான்மர் தூதர் கியாவ் மோ துன் ராணுவத்தைக் கண்டித்துப் பேசி, குரல் தழுதழுக்க, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார். மறுநாளே அவரை ராணுவம் பதவி நீக்கியது. ஆனாலும் தூதர்களின் நியமனத்தைச் சரிபார்க்கும் ஐ.நா. குழு, மியான்மரின் பிரதிநிதி யார் என்ற முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால், இருக்கை அவரிடமே நீடித்தது. இப்படித் தள்ளிப்போடுவது கைகழுவும் உத்திதான்; ஆனால் அதுவே மக்கள் தீர்ப்புக்குக் காவலாக அமைந்தது விந்தை. அதே ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்திலோ, ரோஹிங்கியா இனப்படுகொலை வழக்கில் 2022 பிப்ரவரியில் மியான்மர் சார்பில் வாதாட வந்தவர்கள் ராணுவ அரசு அனுப்பிய பிரதிநிதிகள்.