முகமா குற்றம்?

இரவுப் பணி முடிந்து, மண்ணூர்ச் சாலையிலே தொழிலாளர் இருவர் நடந்து வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் இவ்வூரான்; மற்றவன் பீகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். காவலர் மறிக்கிறார். "பையைத் திற!" என்கிறார், இரண்டாமவனை மட்டும்! ஏன்? கையிலே கத்தி தெரிந்ததா? இல்லை. கண்டதும் ஓடினானா? இல்லை. வாய் திறந்தான், வேற்று மொழி வந்தது. அவ்வளவே!

"அப்படியானால் சோதனையே கூடாதா?" என்பர். அவ்வாறு கூறவில்லை நாம். மண்ணூருக்கு அருகேதான் திருப்பெரும்புதூர். 1991 மே 21 அன்று, மாலை சூட்ட வந்தவள்போல் வந்த ஒருத்தி உடலிலே மறைத்திருந்த வெடிகுண்டு, ராஜீவ் காந்தியோடு காவலர் சிலரையும் பலிகொண்டது. சோதனை செம்மையாக நடந்திருப்பின் அவ்வுயிர்கள் பிழைத்திருக்கக்கூடும். ஆனால், கூட்ட வாயிலில் வருவோர் அனைவரையும் ஒருபடித்தாகச் சோதிப்பது வேறு. வீதியிலே ஒருவனைமட்டும் பொறுக்கி எடுப்பது வேறு. முன்னதில் எவர்க்கும் இழிவில்லை. பின்னதற்குக் காரணம் காட்டியாக வேண்டும்!

சட்டமும் காரணமே கேட்கிறது. ஆயுதம் கொண்டு செல்பவனைப் பிடியாணையின்றிக் கைது செய்ய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடந்தருகிறது. எனினும், அவன் செல்லும் விதமோ சூழ்நிலையோ ஐயத்திற்கு நியாயமான காரணம் தரவேண்டும் என்கிறது. கைதானவரைச் சோதிக்கவும் முறையுண்டு. பெண்ணைப் பெண்ணே, கண்ணியம் குன்றாது சோதிக்கவேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49ஆம் பிரிவு. வெறும் உள்ளுணர்வு போதாது, சுட்டிக்காட்டத்தக்க உண்மைகள் வேண்டும் என்று 1968இலேயே அமெரிக்க உச்சநீதிமன்றமும் உரைத்தது.

காரணத்தின் இடத்திலே பிறப்பு வந்து அமர்ந்தால் என்னாகும்? நம் நாடு கண்டிருக்கிறது! 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், கருவிலிருந்த குழந்தையையும் கள்வனாக்கியது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று குண்டுகள் பாய்ந்தன, பலர் மாண்டனர். 1947இல் அச்சட்டம் இம்மாகாணத்தில் ஒழிந்தது. ஏட்டிலே ஒழிந்தது, எண்ணத்திலே ஒழிந்ததா?

தோழனே, காவலரை மட்டும் குறை கூறித் தப்பிவிடாதே! "வெளியூரான்தான் செய்திருப்பான்" என்று தேநீர்க் கடையிலே பேசுவோர் யார்? நாமல்லவா! நம் நாவிலே பிறந்த ஐயம், காவலர் கையிலே தடியாகிறது. எதையும் 'ஏன்?' என்று கேட்பதே பகுத்தறிவு எனில், அந்தக் கேள்வியை முதலில் நம் ஐயத்தின்மீதே தொடுப்போம். விடையாக ஒரு செயல் கிடைத்தால், சோதனை நடக்கட்டும். ஒரு முகம் மட்டுமே கிடைத்தால், அவனுக்கு வழி விடுவோம்!