பிடித்திருக்கும் கை

சைக்கிள் கற்றுக்கொடுக்கும் அப்பாக்கள் வழக்கமாகச் சொல்லும் பொய் ஒன்று உண்டு: “பிடிச்சிட்டுதான் இருக்கேன்.” திருவல்லிக்கேணித் தெருக்களில் மாடும் ஆட்டோவும் போக இடம் மிஞ்சாது. அதனால் அதிகாலை மெரினா சர்வீஸ் ரோட்டில் வைத்து என் பெரிய மகளிடம் நானும் அதைச் சொன்னேன். நம்பி ஓட்டினாள்.

குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் மெய்யாகும் என்பது வள்ளுவர் கருத்து. கொலை செய்யத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார் இமானுவேல் கான்ட். நான் வள்ளுவர் கட்சி.

சின்னவள் முறை வந்தபோது பெரியவள் ரகசியத்தைப் போட்டு உடைத்தாள்: “அப்பா சொல்லாமயே விட்டுடுவார்டி.” இனி அந்தப் பொய் செல்லாது. விடாமலும் இருக்க முடியாது. சாயும் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் சைக்கிள் நிமிரும். இன்னொருவர் கை தாங்கும்வரை அந்தச் சாய்வே உடம்புக்குத் தெரியாது.

ஒப்பந்தம் போட்டோம். “விடுவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். பக்கத்துலயே ஓடி வருவேன்.” யோசித்துவிட்டு, “சரி” என்றாள்.

இருவருக்கும் நான் செய்தது ஒன்றுதான். பெரியவள் பயத்தை நான் மறைத்தேன். சின்னவள் தன் பயத்துக்குத் தானே சம்மதித்தாள். வள்ளுவர் கேட்கும் நன்மை இரண்டிலும் இருக்கிறது. சம்மதம் இரண்டாவதில் மட்டும்தான்.

பெரியவளுக்கு ஒரு காலை போதுமாயிருந்தது. சின்னவளுக்கு நான்கு. உண்மைக்கு அவ்வளவு கூடுதலாகச் செலவழிக்கலாம்.