மங்கல வழக்கும் மறுக்கும் யந்திரமும்

எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி இருக்கிறார். அவருடைய பேரன் கடல் கடந்த தேசத்திலே பிறந்து வளர்ந்தவன்; தமிழைப் பேசக் கேட்டால் ஓரளவு புரிந்துகொள்வானே அல்லாமல் எழுத்தைக் கூட்டி வாசிக்க அறியான். தாத்தா எப்படிப்பட்ட மனிதர் என்று அவன் ஒருநாள் தொலைபேசியிலே கேட்டுவிட, அந்தக் கேள்விக்கு நாலு வார்த்தையில் பதில் சொல்லி முடிக்க மனம் ஒப்பாமல், ஒரு கடிதமாகவே எழுதி அனுப்புவதென்று தீர்மானித்து, ஒரு மாலை வேளையில் அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

ஆச்சி சொன்னவை எளிதில் சொல்லக்கூடிய விஷயங்கள் அல்ல. அவருடைய கணவர் நல்ல உழைப்பாளி. ஆனால் சாராயப் பழக்கம் உள்ளவர். குடித்து வந்த இரவுகளில் மனைவியை அடித்தார். ஒருமுறை அந்த அடியிலே ஆச்சியின் வலக்கை முறிந்து, இன்றும் மணிக்கட்டு சற்றே கோணலாக இருக்கிறது. பிற்காலத்தில் ஈரல் கெட்டு அவர் படுக்கையில் கிடந்த பதினோரு மாதமும் அந்தக் கைதான் அவருக்குக் கஞ்சி ஊட்டியது. உயிர் பிரிவதற்கு இரண்டு நாளைக்கு முன் அவர் அந்த மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அழுதாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இதுல ஒண்ணையும் விட்டுராத எய்யா, நல்லதும் கெட்டதும் சேந்துதான் அவுக" என்றார்.

என் ஆங்கிலம் அலுவலகக் கடிதங்களின் எல்லையைத் தாண்டாதது. ஆகையால், கைப்பேசியில் இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு வசதியை நாடினேன். அதன் பிரயோஜனத்தை நான் முன்பே அறிந்தவன். ஓய்வூதியம் நின்றுபோன ஒரு முதியவருக்காக நான் எழுதிய மனுவைப் பத்தே நிமிஷத்தில் அது ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஆச்சியின் கடிதத்தை அது ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வகையான உள்ளடக்கத்துக்கு உதவ இயலாது என்று ஒரு வரி தோன்றிற்று. நான் வேறு வழியறியாமல் "அடித்தார்" என்பதைக் "கடுமையாக நடந்துகொண்டார்" என்றும், சாராயத்தை வெறும் "பழக்கம்" என்றும் மாற்றிக் கொடுத்தேன். உடனே யந்திரம் சம்மதித்தது. சம்மதித்ததோடு நில்லாமல் தானும் என் வழியிலே இன்னும் வெகுதூரம் சென்றது. திரும்பி வந்த ஆங்கிலத்தை நான் தமிழாக்கி ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன்: தாம்பத்தியத்தில் சவாலான சில காலங்கள் இருந்தன, அவற்றை இருவரும் பொறுமையோடு கடந்தோம் என்று இருந்தது.

"நான் அப்படியா சொன்னேன்? என்னைய அடிச்சாகன்னுல்லா சொன்னேன்" என்றார் ஆச்சி. சற்று நேரம் கழித்து, "அடிச்ச மனுசர் அழுததுதானே எய்யா சேதி" என்றார்.

அன்றிரவு முழுவதும் என் மனத்தில் நின்றது ஒரு கேள்விதான். சொல்லிலே அடக்கம் வேண்டுமென்று எல்லாச் சமயங்களும் போதிக்கின்றன. வாக்கினால் செய்யும் தவம் என்று ஒரு தவத்தையே பகவத்கீதை வகுத்து, பிறர் உள்ளத்தைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை தருவதுமான சொல்லே அந்தத் தவம் என்கிறது. வள்ளுவரோ பயனற்ற சொல்லைச் சொல்லாதிருப்பதற்கென்றே ஓர் அதிகாரம் செய்தார். அப்படியிருக்க, தீயதென்று தான் கருதியதைத் தொட மறுத்த அந்த யந்திரம் செய்ததும் அடக்கந்தானா, அன்றி அடக்கத்தின் வேஷத்தில் வந்த வேறொன்றா?

இந்தக் கேள்விக்கு வேதாந்த கிரந்தங்களைக் காட்டிலும் நம்முடைய இலக்கணம் தெளிவான பதிலை வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். அவையிலே சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லவேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அதையே விரித்து, தகுதி வழக்கு என்று மூன்றை வகுத்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனப் பெயரிட்டார். நாணத்தக்கதை வேறு வாய்பாட்டால் சொல்வது முதலாவது. செத்தாரைத் துஞ்சினார் என்பதுபோல அமங்கலமானதை மங்கலச் சொல்லால் உரைப்பது இரண்டாவது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதுபோல ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்குவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு சூக்ஷ்மம் புலப்படும். இவற்றுள் எதுவும் பொருளைத் தடைசெய்யவில்லை. தடை சொல்லுக்கு மட்டுமே. அந்தத் தடையும் பொருள் இன்னும் நெடுந்தூரம், இன்னும் பலருடைய செவிக்குச் சென்று சேரவேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. தொல்காப்பியர் மறைத்துச் சொல்லச் சொன்னாரே தவிர, மறைத்து விடச் சொல்லவில்லை. துஞ்சினார் என்று கேட்ட எவனும் அந்த மனிதர் உறங்குகிறார் என்று எண்ணி வாசலில் காத்திருப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, பிணத்தின் அருகே அமர்கிறான்.

"சவாலான காலங்கள்" என்ற தொடரோ அப்படிப்பட்டதன்று. அதைக் கேட்கும் பேரனுக்கு முறிந்த கை தெரியாது; முறிந்த கை தெரியாதவனுக்கு அந்த அழுகை ஒரு நோயாளியின் அழுகையாகவே தெரியும்; ஒரு பெண் தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் எந்த ஒன்றைச் சொல்வதற்காக இன்னொருவர் வீட்டுத் திண்ணை ஏறி வந்தாளோ, அந்த ஒன்று கடிதத்திலிருந்து நழுவிப் போய்விடும். மங்கல வழக்கிலே கேட்பவனுக்கும் சொல்பவனுக்கும் நடுவே ஓர் உடன்பாடு இருக்கிறது. இங்கே அந்த உடன்பாடு இல்லை. ஆகவே இதனை மங்கலம் என்று சொல்வதற்கில்லை, பொய் என்றே சொல்லவேண்டும். மறுத்த யந்திரத்தைக் காட்டிலும், சம்மதித்து மாற்றிய யந்திரமே எனக்கு அதிக அச்சத்தைத் தந்தது. அதற்கு வழிகாட்டியவன் நான்தான் என்பதும் என்னை உறுத்திற்று.

வரம்பே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. கர்ண பர்வத்திலே கண்ணன் அர்ஜுனனுக்குச் சொல்லும் கௌசிகன் கதை, வரம்பில்லாத வாய்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டுகிறது. நதிகள் கூடும் இடத்திலே வாழ்ந்த அந்த அந்தணர், என்றும் உண்மையே பேசுவதென்று விரதம் பூண்டவர், கள்வருக்கு அஞ்சி ஓடிவந்த சிலர் அருகிலிருந்த காட்டிலே ஒளிந்துகொண்டார்கள், பின்தொடர்ந்து வந்த கள்வர் கேட்டபோது, விரதத்துக்குப் பங்கம் வராமல் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார், ஒளிந்தவர்கள் மாண்டார்கள், கௌசிகர் நரகம் புகுந்தார். ஒருவன் இன்னொருவனுக்கு நஞ்சிட வழி கேட்கும்போது அதைச் சொல்லிக்கொடுக்கும் கருவியும் கௌசிகரின் பாபத்தையே செய்விக்கிறது. அதை உண்டாக்குகிறவர்கள் அங்கே வேலி போடுவது தர்மம். அதிலும் கைப்பேசி, வீட்டிலே மேல் பரணில் எடுத்துவைக்கும் அரிவாளைப் போன்றதன்று. குழந்தையின் கையிலும் அதுவே, மனம் உடைந்து தனித்திருப்பவன் கையிலும் அதுவே.

ஆனால் கௌசிகரிடம் இல்லாதது எது? வாய்க்குப் பூட்டு அன்று. கேட்கிறவன் யார், கேட்பது எதற்கு என்று அறியும் விவேகம். அந்த விவேகம் இல்லாமல் எல்லா உண்மையையும் சொன்னவர் அவர். அதே விவேகம் இல்லாமல், அடி என்ற சொல்லும் சாராயம் என்ற சொல்லும் வந்த இடமெல்லாம் வாய் மூடுகிற கருவி, அவருடைய குறையைத் தலைகீழாகக் கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

2023ஆம் ஆண்டில் நடந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. டென்மார்க்கில் தோன்றிய 'பி மை ஐஸ்' என்ற செயலி, பார்வையற்றவர்களுக்குக் காணொளி வழியே பிறர் கண்ணாக இருந்து உதவுவதற்கென்று 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 அதனோடு சேர்ந்தபோது, தன்னார்வலரை எதிர்பார்த்துக் காத்திராமலே, பார்வையற்ற ஒருவர் தம் எதிரே உள்ளதைக் கைப்பேசியைக் கேட்டு அறியலாயிற்று. குளியலறையில் இருக்கும் இரண்டு புட்டிகளில் எது எது என்று பிறரைக் கேட்காமல் தெரிந்துகொள்வது கண்ணுள்ளவனுக்கு அற்பம். மற்றவனுக்கு அது சுதந்திரம். அந்த யந்திரம் எதிரில் இருந்த மனிதர்களின் முகங்களையும் சிலகாலம் வருணித்துவந்தது. பிறகு ஒருநாள், பிறருடைய அந்தரங்கத்தைக் காக்கும்பொருட்டு, முகங்களைப் பற்றிச் சொல்வது நிறுத்தப்பட்டது. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தைப் படமெடுத்து அவர் யாரென்று கண்டுபிடிக்கத் துணிபவர்கள் உலகத்தில் உண்டு. ஆகவே அந்த அச்சம் நியாயமானதே. எனினும், தன்னோடு பேசிக்கொண்டிருப்பவர் சிரிக்கிறாரா, முகம் வாடியிருக்கிறாரா என்று அறிய விரும்பிய பார்வையற்றவருக்கு அந்த வேலி, மற்ற எல்லோருக்கும் இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தரங்கம் காக்கப்பட்டது யாருடையது, இழந்தவர் யார் என்று ஒவ்வொரு வேலியின் எதிரிலும் நின்று கேட்கவேண்டியிருக்கிறது.

வேலி இல்லாமற்போன இடம் ஒன்றும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2024 அக்டோபரில் தன் கைப்பேசிகளில் புகுத்திய நுண்ணறிவு வசதிகளுள் ஒன்று, வரும் அறிவிப்புகளைச் சுருக்கி ஒரு வரியாக்கிக் காட்டுவது. அவ்வாண்டு டிசம்பரில் அது, கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் காவலில் இருந்த ஒருவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டதாக, பி.பி.சி. சொன்னதுபோலவே காட்டியது, பி.பி.சி. அப்படிச் சொல்லவே இல்லை. முறையிட்டதன் பிறகு, 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கு அந்தச் சுருக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு விதவையின் மெய்யான துயரத்தைத் தொடக் கூசும் கருவிகளின் காலத்திலேயே, நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக அறிவிக்கச் சற்றும் கூசாத கருவியும் இருந்தது. கூச்சமும் கூசாமையும் இரண்டும் அறிவினின்று பிறக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதன் காரணம் ஓரளவு அந்த யந்திரங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. கைப்பேசிக்குள்ளேயே இயங்கும்படி ஆப்பிள் 2024இல் அமைத்த மொழி மாதிரி சுமார் 300 கோடி அளபுருக்களைக் கொண்டது; பெருங்கணினிக் கூடங்களில் ஓடும் மாதிரிகளோடு ஒப்பிட்டால் சிறியது. உள்ளே போகும் வாக்கியத்தையும் வெளியே வரும் வாக்கியத்தையும் சோதிக்கும் காவல் ஒன்று இத்தகைய மாதிரிகளோடு சேர்க்கப்படுகிறது. 2025இல் அந்த மாதிரியைப் பிற நிரலாளர்களும் உபயோகிக்கத் திறந்துவிட்டபோது, காவல் தடுத்துவிட்டது என்று அறிவிப்பதற்கென்றே ஒரு பிழைக்குறியும் அதில் வைக்கப்பட்டது. வாசலில் நிற்கும் காவல்காரன் வருகிறவனுடைய சட்டையின் நிறத்தைப் பார்த்து அனுப்புகிறான். அவன் துக்கத்துக்கு வந்தவனா, திருட வந்தவனா என்று விசாரிக்க அவனுக்குச் சக்தி போதாது.

குடத்தின் உற்பத்திக்குச் சைவ சித்தாந்திகள் மூன்று காரணங்களைச் சொல்வார்கள்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். குடம் கோணலானால் சக்கரத்தை யாரும் தண்டிப்பதில்லை. அடக்கம் என்பது, பேச வல்லவனாயிருந்தும், பேசும் ஆசை எழுந்தும், பிறர்பொருட்டு நாவை மடக்குகிறவனுடைய குணம்; ஆசையும் வலிமையும் இல்லாத இடத்தில் அந்தக் குணம் எப்படி நிற்கும்? தக்ஷிணாமூர்த்தியின் மௌனமும் கல்லின் மௌனமும் கேட்பவன் காதுக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், ஒன்று உபதேசம், மற்றது கல். ஆகவே அந்த ஒரு வரி மறுப்பை யந்திரத்தின் அடக்கம் என்று மெச்சுவதற்கும் இடமில்லை, யந்திரத்தின் அகம்பாவம் என்று வைவதற்கும் இடமில்லை. எங்கோ ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, வன்முறை வேண்டாம், மது வேண்டாம், மரணம் வேண்டாம் என்று குறித்துவைத்த மனிதர்கள் நிமித்த காரணர். அந்தக் குறிப்பிலே ஆச்சிக்கு இடம் வைக்க மறந்த பொறுப்பும் அவர்களையே சாரும். அவர்களிடத்தில் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் உண்டு: நஞ்சுக்கும் துயரத்துக்கும் சொற்கள் ஒன்றாயிருக்கலாம், அவற்றைப் பிரித்தறிய இயலாத வரையில், நான் இதில் வல்லமையில்லாதவன் என்று யந்திரம் வெளிப்படையாகச் சொல்லட்டும், பிறர் சொன்னதை அவர் அறியாமல் மாற்றாதிருக்கட்டும். போரிலே பட்ட புண்ணையும், கணவனை இழந்தவளின் புலம்பலையும், தலைவன் மாண்டபின் செயலற்று நின்று பாடும் கையறுநிலையையும் ஒரு துறையாகவே போற்றி வைத்த மொழியிலே பிறந்தவர்களுக்கு, இவ்வளவு கேட்க உரிமை உண்டு.

மறுநாள் காலையில் ஆச்சியின் வீட்டுக்கு நானே போனேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இலக்கணப் பிழைகளுக்கு அஞ்சாமல், அவர் சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. முறிந்தது என்ற சொல் வந்த இடத்தில் எந்த எலும்பு என்று எழுதவேண்டும் என்று கேட்டேன். ஆச்சி பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பை ஒதுக்கி, தம் வலக்கையை என் முன்னே நீட்டினார்.