அருளும் காரணமும்

ஆரியசாலையிலிருந்து பூஜப்புரை மத்தியச் சிறைக்கு நெடுந்தொலைவில்லை. சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தராசு பிடித்து வாழும் நம் குடும்பத்தார் பலர் அம்மதிலைப் பார்த்தவாறே கடந்து செல்கின்றனர். உள்ளிருப்பவர் ஒருவருக்கு முன்விடுதலை மறுக்கப்படுமாயின், "ஏன்?" என வினவ அவருக்கு உரிமை உண்டா?

அருள் என்பது கொடுப்பவர் விருப்பம், அதற்குக் காரணம் கேட்பது முறையன்று என்பர் சிலர். இக்கூற்றை முற்றிலும் தள்ளிவிட இயலாது. வாழ்நாள் தண்டனை பெற்றவர் இத்தனை ஆண்டில் வெளிவந்தே தீரவேண்டும் என எச்சட்டமும் கூறவில்லை. மறுப்பாணைக்கு எதிராக மேல்முறையீடு என்று சட்டம் வகுத்த படியும் இல்லை. உயர்நீதிமன்றத்திலோ உச்சநீதிமன்றத்திலோ நீதிப்பேராணை வேண்டி நிற்றலே வழி.

எனினும் ஆற்றுகாலுக்கு அண்மையில் வாழும் நமக்குக் கண்ணகியின் வழக்கு நினைவுக்கு வராமற் போகாது. கள்வனைக் கொல்லுதல் அரசநீதி என்று பாண்டியன் வாய்திறந்து விடை கூறினான். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றும் சொன்னான். சொன்னமையால்தான் மாணிக்கப் பரலைக் காட்டி மறுக்க அவளுக்கு இயன்றது. அவன் வாளாவிருந்திருப்பின் எதனை உடைத்துக் காட்டியிருப்பாள்? காரணம் கூறாத ஆணை, தவறே ஆயினும், மறுக்கவொண்ணாததாகி விடுகிறது.

கேரளத்தில் ஒருவர் கொலை வழக்கில் 26 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். அவரை விடுவிக்கலாம் என அறிவுரைக் குழு ஒருமுறைக்கு மேற்பட்டுப் பரிந்துரைத்தும் அரசு இசையவில்லை. 2023 செப்டம்பர் 21 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றைய குற்றத்தையே திரும்பத் திரும்ப நோக்கி, இன்றைய மனிதனை நோக்காதிருத்தல் தகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கொலையுண்ட பெண்ணின் உற்றாருக்கு என்ன விடை என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி; எளிதில் ஆறும் புண்ணன்று. ஆயின் காரணம் கேட்கும் வாயில் அவர்களுக்கும் திறந்தே உள்ளது. குஜராத்தில் 2022இல் 11 பேருக்கு அளிக்கப்பட்ட விடுதலையை, பாதிக்கப்பட்ட பெண்மணியே வழக்காடி, 2024 சனவரியில் செல்லாததாக்கவில்லையா?

மறுப்பாணையில் சுருக்கமாகவேனும் காரணம் எழுதுக, அதனைக் கைதிக்கு உடனே அறிவிக்குக, எதிர்த்து வழக்காடும் உரிமையையும் அவருக்கு எடுத்துரைக்குக என 2025 பிப்ரவரி 18 அன்று உச்சநீதிமன்றம் பணித்தது. நன்று. ஆனால் மலையாளத்தில் எழுதிய ஆணை, மலையாளம் வாசிக்கத் தெரியாத தமிழ்க் கூலியாளுக்குக் காரணம் ஆகுமா? தடுப்புக்காவல் வழக்கொன்றில், காரணத்தைக் காவலிலிருப்பவர் அறிந்த மொழியில் உணர்த்தவேண்டும் என்று 1962லேயே உச்சநீதிமன்றம் கூறியது. அந்நெறி இங்கும் பொருந்துமென்றே யான் கருதுகிறேன். காவலிலிருப்போர்க்கு இலவசச் சட்ட உதவி வழங்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்கிறது. இருமொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தோரோ நம்மிடையே மிகப் பலர். அவ்வாணையைத் தமிழில் ஒருமுறை படித்துக்காட்ட ஒரு நண்பகல் போதும்.