காத்திருக்கும் ஆற்றல்

கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். விசிறி சுழலவில்லை, திரை விழிக்கவில்லை. 'போயிற்று' என்று மனம் உடனே தீர்ப்பெழுதிவிடுகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர் அவசரப்படுவதில்லை. பிளக்கில் கரன்ட் வருகிறதா, வயர் இறுகச் செருகியிருக்கிறதா, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியின் பின்புற ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று எளியவற்றை முதலில் பார்க்கிறார். உள்ளம் சோர்ந்து பிரார்த்தனை வறண்டுபோகும் நாளிலும் இந்த ஒழுங்கு நல்லது. வினையையும் விதியையும் நோவதற்கு முன், சரியாக உறங்கினோமா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசினோமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

1995இல் அறிமுகமான ஏ.டி.எக்ஸ் என்னும் கணினி அமைப்பில் எண்ணி எண்ணி வியக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும், மின் இணைப்பு இருக்கும்வரை, ஊதா நிற வயரில் 5 வோல்ட் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும். பொத்தான் ஆற்றலை உண்டாக்குவதில்லை. எழுந்தருளும்படி விண்ணப்பம் வைக்கிறது, அவ்வளவே. மதர்போர்டு அதைக் கேட்டுப் பச்சை வயர் வழியாக எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குச் சொல்கிறது. நாம் அழைக்கும் முன்பே ஆற்றல் வாசலில் வந்து நிற்கிறது.

அருளும் இப்படித்தான் மறைந்து நிற்கிறது. சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலையும் ஒன்றாகச் சொல்கிறது. அந்த மறைப்பும் அருளே என்பது அதன் உறுதி. அருள் தெரியாத காலத்தை அருள் இல்லாத காலமாகக் கொள்ள வேண்டியதில்லை.

எஸ்.எம்.பி.எஸ் விழித்த பிறகும் பிராசஸர் உடனே வேலையைத் தொடங்காது. மின்னழுத்தம் நிலைப்பட்டுவிட்டது என்ற சைகை வரும்வரை அது நிறுத்திவைக்கப்படுகிறது. அரை நொடிக்கும் குறைவான காத்திருப்புதான். ஆனால் தடுமாறும் மின்சாரத்தில் தொடங்கிய கணக்கு தவறாகிவிடும் என்பதால், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. நிலைகொள்ளாத மனத்தோடு எடுக்கும் முடிவுகளுக்கும் இது பொருந்தும்.

கணினி இன்னும் எழவில்லையா? கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், கூடுதல் ரேம் எல்லாவற்றையும் கழற்றிவைக்கிறார்கள். மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ் மட்டும் மிஞ்சும். இப்போது இயங்கினால், கழற்றியவற்றுள் ஏதோ ஒன்றுதான் தடை. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும்போது அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். துறவின் ஒரு பயன் இங்கே விளங்குகிறது. விட்டுப் பார்த்தால்தான் எது நம்மைத் தாங்குகிறது, எது அழுத்துகிறது என்று தெரியும். வெறுத்து எறிய வேண்டியதில்லை, இறக்கிவைத்தால் போதும்.

சில நேரம் எஸ்.எம்.பி.எஸ் உண்மையாகவே பழுதாகியிருக்கும். அந்தப் பெட்டியை நாமே திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். அறிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை. ஆழ்ந்த துயரத்திலும் மருத்துவரையோ குருவையோ நாடுவது நம்பிக்கைக் குறைவாகாது.

ஆகவே, இருண்டிருக்கும் எதையும், நம்மையும் சேர்த்துத்தான், இறந்ததென்று சொல்ல அவசரப்பட வேண்டாம். எளியதைக் கேட்போம், சுமையை இறக்குவோம், நிலைப்படும்வரை பொறுப்போம். எழுப்புகிறவன் நமக்கு முன்பே விழித்திருக்கிறான்.