சிலந்தியும் தும்புத்தடியும்

வீட்டுச் சுவரிலே ஒரு சிலந்தியைக் கண்டதும் நம்மிற் பலரின் கை தும்புத்தடியைத் தேடுகின்றது. இதுவும் ஆராயத்தக்க ஒரு பிரச்சினையா என நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். மனிதருக்கே நீதி கிட்டாத உலகில் சிலந்திக்கு நீதி கேட்பது வீண் பொழுதுபோக்கு என்பர். ஆயின் அறவுணர்வு மேடையிலே மட்டும் புலப்படுவதன்று. எவரும் காணாத மூலையில், எதிர்த்துப் பேசமாட்டாத ஓர் உயிரின் முன்னே நாம் நடந்துகொள்ளும் முறையிலும் அது புலப்படுகின்றது.

முதலில் உண்மை நிலையை நோக்குவோம். சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால்களையுடைய, பூச்சிகளை உண்டு வாழும் உயிர். உலகிலுள்ள சிலந்திகள் ஆண்டொன்றுக்கு 40 கோடி தொடக்கம் 80 கோடி தொன் வரையான இரையை உண்ணுகின்றன என 2017 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதிற் பெரும்பகுதி பூச்சிகளே. நம் வீடுகளில் இரவு வேளையிற் சுவர்மீது விரைந்தோடும் தட்டையான பெரிய சிலந்தி வலை பின்னுவதில்லை. கரப்பான்களை வேட்டையாடி உண்கின்றது. பெண்சிலந்தி உடலின் கீழ் அணைத்துச் செல்லும் வெண்ணிற வட்டம் அதன் முட்டைப் பை. கூரை மூலையிற் தொங்கும் மெல்லிய நெடுங்காற் சிலந்தியின் வலையிலே நுளம்புகளும் வீழ்கின்றன. 2017 இல் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரை டெங்கு நோயாளராய்ப் பதிவான நாடு நமது. சிலந்தி டெங்கை ஒழித்துவிடும் என்பது இதன் பொருளன்று; நீர் தேங்கும் இடங்களைத் துப்புரவாக்கும் பொறுப்பு நம்முடையதே. ஆயினும் அவ்வுயிர் நமது பகைவரின் பக்கத்தில் நிற்கவில்லை என்பது தெளிவு.

அவ்வாறாயின் அதனை ஏன் அடிக்கின்றோம்? தீங்கு செய்தமைக்காக அன்று, அருவருப்பாய்த் தோன்றுவதற்காக. தமிழிலே சிலந்தி என்னும் சொல்லுக்கு ஒருவகைப் புண் என்ற பொருளும் உண்டு. காரணம் விளங்காது தோலில் எழும் கொப்புளங்கள் பலவற்றின் பழி நெடுங்காலமாக இவ்வுயிரின் தலையிலே சுமத்தப்பட்டு வந்துள்ளது. அருவருப்பு முதலிற் பிறக்கின்றது. அதற்கேற்ற குற்றம் பின்னர் கண்டுபிடிக்கப்படுகின்றது.

இந்த மனப்பழக்கம் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்பதே நமது கவலைக்குரியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசம் கோரி நின்ற மக்கள் தடுக்கப்பட்டபோது ஆசாரமே காரணமாகக் கூறப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களைச் சிற்றுயிரோடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. அது கொடிய அவமதிப்பாகும். நாம் சுட்டுவது ஒடுக்குவோனின் உள்ளத்தை. தனது அருவருப்பையே நியாயமென மயங்கவும், பின்னர் அதற்கு அறத்தின் பெயரைச் சூட்டவும் பழகிய உள்ளம் அது. அப்பழக்கத்துக்குச் சிறியது பெரியது என்ற பேதம் இல்லை.

நமது மரபு சிலந்தியை அறியாததன்று. சீகாளத்தியிலே சிவனை வழிபட்ட உயிர்களுள் ஒன்று சிலந்தி. ஆனைக்காவின் சிலந்தியே கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்கிறது புராணம். நபிகள் நாயகம் மறைந்திருந்த குகையின் வாயிலிலே வலை பின்னிக் காத்த சிலந்தியை இஸ்லாமிய மரபு போற்றுகின்றது. ஆயினும் கதையிலே கைகூப்பும் நாம் வீட்டிலே கையை ஓங்குகின்றோம். கதைச் சிலந்தி இறைவனுக்கோ இறைத்தூதருக்கோ தொண்டு செய்தது. அதனால் மதிப்புப் பெற்றது. நம் சுவரிலுள்ளதோ தன் வாழ்வை மட்டும் வாழ்கின்றது. தொண்டு செய்யாத உயிருக்கு வாழும் உரிமை இல்லையா?

கொல்லாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வறத்தைப் பேணுவதாகப் பெருமை கொள்ளும் இல்லங்களை நோக்குங்கள். அங்கே சிலந்தியை அடித்து ஒட்டறையைக் கூட்டித் தள்ளுவது யார்? நெடுங்காலமாக, தோட்டப்புற லயத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமியின் கையிலேயே அந்தத் தும்புத்தடி இருந்து வந்தது. வீட்டுத்தலைவரின் விரதம் பழுதுபடுவதில்லை. பாவம் மட்டும் சிறுமியுடையதாகின்றது. உழைப்பிலே பிரிவினை கண்ட சமுதாயம் பாவத்திலும் பிரிவினை கண்டுவிட்டது! சிலந்திக்கு இரங்கி அச்சிறுமியை மறப்பதும் அறமாகாது. செலவின்றிக் காட்டும் கருணை பெரும்பாலும் செலவு வேண்டும் கருணைக்குப் பதிலாகவே காட்டப்படுகின்றது.

கார்ல் மார்க்ஸ் 1867 இல் வெளியான ‘மூலதனம்’ முதற்பாகத்திலே சிலந்தியை நெசவாளியோடும் தேனீயைக் கட்டடக் கலைஞனோடும் ஒப்பிட்டார். மனிதன் தான் செய்யப்போவதைச் செய்வதற்கு முன்னரே உள்ளத்தில் உருவாக்கிக் கொள்கிறான். அதுவே வேறுபாடு என்பது அவரது கருத்து. இதனை மனிதனின் பெருமையாக மட்டும் படிப்பது அரைப்படிப்பு. முன்கூட்டிச் சிந்திக்க வல்லவனுக்கே பொறுப்பு உண்டு. ஈயைக் கொல்லும் சிலந்தி குற்றவாளியன்று. அதற்கு வேறு வழி தெரியாது. தும்புத்தடியை ஓங்கும் மனிதனுக்கு வேறு வழி தெரியும்.

வீடு நமது, சிலந்தி அத்துமீறி நுழைந்தது என்பர். 2009 இல் மாங்குளப் பகுதியில் ஊரவர் கொடுத்த இறந்த சிலந்தியொன்று ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது. தேடலின்பின், 2012 இல் அது உலகம் அதுவரை அறியாத இனமென விவரிக்கப்பட்டது. நம்மவர் புலிமுகச் சிலந்தி என அழைக்கும் பெருஞ்சிலந்திகளின் வகையைச் சேர்ந்தது அது. முதிய மரங்களின் பொந்துகளில் வாழும் அவ்வினம், மாங்குளம் மருத்துவமனையின் பழைய வைத்தியர் விடுதியிலும் காணப்பட்டது. முதுமரங்கள் அருகும்போது பொந்தில் வாழும் உயிர் சுவரை நாடுகின்றது. யார் யாருடைய வீட்டினுள் நுழைந்தார் என்பது அத்துணை எளிய கேள்வியன்று.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு துறவியின் முடிவன்று. குழந்தையின் பாயிலே புலிமுகச் சிலந்தி ஊர்ந்தால், வேறு வழியில்லாதபோது, அதனைக் கொல்வதில் குற்றமில்லை. அதன் கடி கடும் வலியையும் தசைப்பிடிப்பையும் உண்டாக்கவல்லது. கைவிடப்பட்ட ஒட்டறையை அகற்றுவது துப்புரவு. ஆனால் தீங்கற்ற சிலந்தியை ஒரு குவளையால் மூடி, கீழே கடதாசியைச் செருகி, வேலியோரத்தில் விட்டுவிட ஒரு நிமிடம் போதும். அதனை வேலையாளிடம் ஏவாது நாமே செய்தல் வேண்டும். நமது மாணவருக்கு நாம் கற்பிக்கவேண்டியதும் இதுவே: அருவருப்பு எழும்போது அதனை நியாயமென எண்ணாது, தீங்கு உண்டா என முதலிற் கேட்கும் பழக்கம். சுவரருகே அக்கேள்வியைக் கேட்கப் பழகியவன் கோயில் வாயிலிலும் அதனைக் கேட்பான்.