தன்னுடையதல்லாததைக் கொடுப்பது

2001ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் டிராம்போலின் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. பெண்கள் தனிநபர் பிரிவில் ரஷ்யாவின் இரினா கரவாயேவாவுக்குத் தங்கம். முந்தைய வருடம்தான் இந்த விளையாட்டு சிட்னியில் முதன்முறையாக ஒலிம்பிக்கிற்குள் வந்திருந்தது. அங்கும் தங்கம் அவருக்கே. அதனால் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை. நடுவர்களின் மதிப்பெண்ணில் தவறு நேர்ந்திருப்பது பிறகுதான் தெரியவந்தது. சரியாகக் கணக்கிட்டால் ஜெயித்தவர் ஜெர்மனியின் அன்னா டோகோனாட்ஸே. கரவாயேவா தன் பதக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் உடனே சொல்லும் சொல் ‘பெருந்தன்மை’. எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

ஓட்டப்பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்பதைக் கோடு சொல்லிவிடும். டிராம்போலினில் அப்படி ஒரு கோடு கிடையாது. அந்தரத்தில் பத்து வித்தைகள், இடைவெளியில்லாமல். எல்லாம் சேர்ந்து சுமார் இருபது விநாடி. அவை எவ்வளவு கடினம், எவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டன என்று நடுவர்கள் எண் போடுகிறார்கள். ‘அப்போ நடுவர் சொன்னதுதானே வெற்றி? தப்பும் ஆட்டத்தோட ஒரு பகுதிதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரவாயேவா யாரையும் ஏமாற்றவில்லை. பேசாமல் இருந்திருந்தாலும் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனால் நடுவர் தீர்ப்பு இறுதியானது என்பதற்கு அது உண்மையானது என்று அர்த்தமில்லை. எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும், அவ்வளவுதான். தவறு தெரியாதவரை பதக்கம் ஒரு பரிசு. தெரிந்த பிறகு அது கழுத்தில் தொங்கும் பொய்ச்சாட்சி.

2003 உலகக் கோப்பை அரையிறுதியில், நடுவர் அவுட் தராதபோதும் ஆடம் கில்கிறிஸ்ட் தானாக வெளியேறியது பலருக்கும் நினைவிருக்கும். பந்து மட்டையில் பட்டது அவருக்குத் தெரியும். முடிவெடுக்க ஒரு நொடிதான். கரவாயேவாவின் நிலைமை வேறு. அந்தரத்தில் சுழலும் உடம்புக்கு மதிப்பெண் தெரியாது. தான் தோற்றதை அவர் இன்னொருவர் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது, அதுவும் ஜெயித்துவிட்டதாக நம்பிய பிறகு. வேண்டாம் என்று மறுப்பதைவிட, கைக்கு வந்ததைத் திருப்பித் தருவது கடினம்.

பரீட்சைப் பேப்பர் திருத்தித் தரும் நாளை நினைத்துப் பாருங்கள். கூட்டலில் ஐந்து மார்க் குறைந்திருந்தால் பையன் எழுந்து வாத்தியாரிடம் ஓடுவான். ஐந்து கூடியிருந்தால் பேப்பர் சத்தமில்லாமல் பைக்குள் போய்விடும். இரண்டும் ஒரே கூட்டல் பிழைதான். கூடியதைச் சொல்லப் போகிறவனை நாம் ‘பெரிய மனசுக்காரன்’ என்போம். கூட இருப்பவர்கள் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்பார்கள். இரண்டுமே ஒன்றைத்தான் சொல்கின்றன: இது எல்லோரும் செய்ய வேண்டிய காரியமில்லை.

அதனால்தான் பெருந்தன்மை என்ற சொல் ஆபத்தானது. தன்னுடையதைக் கொடுப்பதுதான் பெருந்தன்மை. செய்தால் புகழ், செய்யாவிட்டால் பழியில்லை. கரவாயேவா கொடுத்தது தன்னுடையதை அல்ல. நாம் அவரை உயரத்தில் ஏற்றி வைப்பது, கீழே நாம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கத்தான்.

டோகோனாட்ஸே 2004இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் தங்கமே வென்றார். அது ஓடென்ஸேக்கு ஈடாகாது. பதக்கத்தைத் திருப்பித் தரலாம், மேடையில் நிற்கும் அந்த நிமிடத்தைத் தர முடியாது. முழுதாகத் திருப்பித் தர முடியாது என்று தெரிந்தும், தர முடிந்ததைத் தந்தாக வேண்டும். அதற்கு நான் வைக்கும் பெயர் கடன்.